திரும்பு குழாய்

பத்து மணிக்கு நிலவறையில் சுழலி மோட்டார் முனகியது.

மூன்றாம் அடுக்ககத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஒன்பது மாடி, எழுபத்திரண்டு வீடு. சமையலறைச் சுவர்களுக்குள் ஓடும் திரும்பு குழாய் அந்த முனகலை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குடங்கள் நகர்ந்தன. நேற்றுப் பிடித்த தண்ணீர் சாக்கடையில் சரிந்தது. வெந்நீர்க் குழாய்கள் ஒன்றாகத் திறந்தன.

நிலவறையில் பூங்காவனம் வெந்நீர் காயும் அனற்கலத்தின் வெப்பமுள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முனகல் எழுந்ததும் அவள் கால்களும் ஓர் அடி எடுத்து வைத்தன. தினமும் எடுத்து வைக்கும். அவள் நிறுத்திக்கொள்வாள். இந்த அடுக்ககத்தின் குழாய்க் காப்பாளர் அவள்தான்.

முள் இறங்கியது. வெப்ப வாரியம் காலை பத்து மணிக்கு அன்றைய சூட்டை அளந்து அனுப்பும். அதற்கு நாள்வெப்பம் என்று பெயர். மறுநாள் பத்து மணி வரை அதை வைத்து ஓட்ட வேண்டும். சுழலி பத்தேகாலுக்கு மறுபடி முனகியது. பதினொன்றுக்கு முனகியது. பன்னிரண்டுக்குள் கலம் ஆறிப்போனது.

சுவர்ப்பலகையில் எழுத்து ஒளிர்ந்தது. இன்றைய சரிக்கணிப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

அவள் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். அவள் வீடு ஒன்பதாம் மாடியில் கடைசி. வெந்நீர்க் குழாயைத் திறந்து விரலை நீட்டினாள். மூடினாள்.

"இன்னிக்கும் இல்லியா?" என்றான் தேசப்பன் உள்ளேயிருந்து.

"இல்ல."

"சரி வுடு."

அவன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவன். இங்கே வந்த இரண்டாம் குளிர்காலத்தில் வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் திரும்பியது. கை திரும்பவில்லை. தினமும் கால் மணி நேரம் கைமேல் வெந்நீர் ஓட வேண்டும், பிறகு விரல்களைப் பிரித்துவிட வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லியிருந்தார். சூடு படாத ஒவ்வொரு நாளும் கை கொஞ்சம் மூடும். முழுக்க மூடிவிட்டால் அப்புறம் திறக்காது. வரும் பதினைந்தாம் தேதி அவர் மலைக்கு வருவார். உள்ளங்கைக்குள் மூன்று விரல் நுழையும் இடம் இருந்தால் கைச்சட்டம் பூட்டுவார். சட்டம் பூட்டிய கை மூடாது. இடம் இல்லாவிட்டால் அவர் அடுத்து வருவது ஆறு மாதம் கழித்து.

பூங்காவனம் அவனுடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துத் தன் விரல்களை நுழைத்துப் பார்த்தாள். இரண்டு போயின.

"எத்தினி?"

"ரெண்டு."

"போன மாசம் மூணு."

"ம்."

தேதி நான்கு.

காசிமேட்டைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு அந்தத் தெருக்காரர்களை ஆறு அடுக்ககங்களில் இந்த மலைமேல் குடியமர்த்தியிருந்தார்கள். மூன்று வருடம் ஆகிறது. விடியற்காலையில் வாளித் தண்ணீரில் ஏடு கட்டும் குளிர். வீடுகளில் அடுப்பு கிடையாது. சாப்பாடு பொதுச் சமையற்கூடத்திலிருந்து வரும். வீட்டு மின்கம்பி விளக்குக்கு மட்டும் தாங்கும். வீட்டுக்குள் சூடு என்று வருவது வெந்நீர்க் குழாய் ஒன்றின் வழியாகத்தான்.

முதலில் அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. குழாய்க்குள் நின்று ஆறிப்போன தண்ணீர்தான் முன்னால் வரும். ஒன்பதாம் மாடியில் நான்கு வாளி ஓடிய பிறகே வெந்நீர். அந்த நான்கு வாளியும் வீண். ஆகவே வாரியம் மீள்சுற்று அமைத்தது. வெந்நீர்க் குழாயின் கடைசி முனையிலிருந்து இன்னொரு குழாய் இறங்கி அனற்கலத்துக்கே திரும்பும். சுழலி ஓடினால் வெந்நீர் மேலே ஏறும், ஆறியது கீழே திரும்பும், சூடேறி மறுபடி ஏறும். யார் திறந்தாலும் குழாய்க்குப் பின்னால் சூடு நிற்கும்.

நாள் முழுக்கச் சுற்றவிட்டால் சுற்றுகிற வழியிலேயே சூடு சுவருக்குப் போய்விடும். அதற்காகத்தான் முன்னறி என்ற தானியங்கி. யார் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று பார்த்துப் பழகி, ஐந்து நிமிடம் முன்னால் சுழலியை ஓட்டும். ஓட்டியதும் குழாய்கள் திறந்தால் அதற்கு மதிப்பெண். திறக்காவிட்டால் குறையும். பலகையில் ஒளிரும் சரிக்கணிப்பு அதுதான். மதிப்பெண் ஏறும் பக்கமாக அது தன்னை மாற்றிக்கொள்ளும். அதன் வசம் இருந்தவை இரண்டே பொருள்கள். ஒன்று நிலவறையில் இருந்த சுழலி. இன்னொன்று குழாய் திரும்புகிற கடைசி முனையில், பூங்காவனத்தின் சமையலறைச் சுவரில் இருந்த திருப்பு வால்வு. மனிதர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

மீள்சுற்று வந்த முதல் மாதம் சரியாக நடந்தது. நான்கு மணிக்கு அவள் குளியலறைக் குழாயைத் திறந்தால் முதல் சொட்டே சுட்டது. தேசப்பன் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவான். ஆவியில் அவன் முகம் தெரியாது. அந்த மாதம் மூன்று விரல் போயிற்று.

அப்புறம் முதல் மாடிக் கோட்டீஸ்வரி ஒருநாள் சுவருக்குள் முனகலைக் கேட்டாள். குடத்தைத் தூக்கினாள்.

காசிமேட்டில் தெருமுனை மோட்டார் முனகினால் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பது நிமிடம் வரும். அடுத்தது நாளை மறுநாள். அந்தக் காதுகளோடுதான் எல்லோரும் மலையேறி வந்திருந்தார்கள். ஒரு வாரத்தில் எழுபது வீடுகளில் டிரம் இருந்தது. புதுத் தண்ணீர் வந்தால் பழையதை ஊற்றிவிடுவது வழக்கம். ஊற்றினார்கள். முன்னறி எந்நேரம் முனகினாலும் குழாய்கள் திறந்தன. முனகினால் மதிப்பெண் என்று அது கற்றுக்கொண்டது.

முனகியது.

பேசுபலகையில் வாரியத்துப் பொறியாளர் தமயந்தி வந்தாள். கோவைக்காரி. எதிரே தட்டில் ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கக்கா."

"சூடு மேல வர்ல மேடம். பன்னெண்டுக்கெல்லாம் தீந்துபூடுது."

"அப்படிங்களா. இங்க பாத்தா உங்க அடுக்ககந்தானுங்க முதல்ல நிக்குது. தொண்ணூத்தெட்டு. அஞ்சாவதெல்லாம் அறுபத்திநாலுலயே கெடக்குதுங்க."

"அது கண்டுபுடிச்சு ஓட்டல மேடம். அது ஓட்றதால இவங்க தொறக்கறாங்க."

"திறக்கறாங்கல்லங்க."

"தொறக்கறாங்க."

"அப்புறம் என்னங்கக்கா. தேவை இருக்குதுன்னுதானே அர்த்தம்."

"புடிச்சு வெச்சிக்கினு மறுநா கீழ ஊத்தறாங்க."

தமயந்தி மென்றாள். யோசித்தாள். "ஊத்தறது மீட்டர்ல வராதுங்கக்கா" என்றாள். வருத்தமாகத்தான் சொன்னாள். "உங்க முன்னறி கத்துக்கிட்டத மத்த அஞ்சுக்கும் ஏத்தலாம்னு இங்க பேசிட்டிருக்கறாங்க. உங்க பேரையும் எழுதியிருக்கறேன்."

பூங்காவனம் நன்றி சொன்னாள்.

முதல் மாடிக்குப் போனாள். கோட்டீஸ்வரி வீட்டில் கால் வைக்க இடமில்லை. மூன்று டிரம், பதினொரு குடம், துணி ஊறவைக்கும் தொட்டி, மீன் கழுவும் அன்னக்கூடை. மீன் கழுவி மூன்று வருடம் ஆகியிருந்தது. பிளாஸ்க்கிலும் தண்ணீர்.

"இன்னா பூங்காவனம். மேல தண்ணி வர்லியா?"

"தண்ணி வருதுக்கா. சூடு வர்ல."

"தண்ணி வருதில்ல. அப்பால இன்னா."

"அவரு கைக்கு ஊத்தணும். பதினஞ்சாந்தேதி டாக்டர் வராரு."

"ஐயோ, எட்த்துக்கோ. அந்த நீலக்கொடம் ரெண்டும் காலைல புட்ச்சது. ரெண்டையும் எட்த்துக்கினு போ."

பூங்காவனம் நீலக்குடத்தில் கைவைத்தாள். கை எலும்பு வரை குளிர்ந்தது.

"சூடா வரும்போதே எனக்கு ரெண்டு வாளி வுட்டுக் குடுக்கா."

"அப்ப நான் எதுல புடிக்கறது?"

"எதுக்குப் புடிக்கறே? எப்பத் தொறந்தாலும் வருது. மூணு வருசத்துல ஒரு நா நின்னுகீதா?"

"நிக்கல" என்று கோட்டீஸ்வரி ஒப்புக்கொண்டாள். பிளாஸ்க்கின் மூடியை இறுக்கினாள். "நின்னா நீ குடுப்பியா?"

பூங்காவனம் குடத்திலிருந்து கையை எடுத்தாள்.

"ஒங்கூட்டுக்காரரு எட்டு மைல் போறதுக்கு இருவது மைலுக்கு டீசல் ஏத்திக்கினு போவாரு. எதுக்கோசரம்னு போய்க் கேளு. வந்துட்டா பாரு, எனக்குச் சொல்றதுக்கு."

இருந்தாலும் மறுநாள் பத்து மணிக்குக் கோட்டீஸ்வரி ஒரு வாளி விட்டுக் கொடுத்தாள். லிஃப்டில் தண்ணீர் ஏற்றக் கூடாது. நூற்றறுபது படி. படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல் திறந்திருந்தது. தேசப்பன் வலது கையை வாளிக்குள் விட்டுப் பார்த்தான்.

"ஆறிப்போன டீ மாதிரி கீது" என்றான்.

அன்றைக்கு ஒன்றரை விரல். தேதி எட்டு.

ஒன்பதாம் தேதி காலை, பத்து மணிக்கு முன்பாக, பூங்காவனம் நிலவறைக்குப் போனாள். சுழலியின் நான்கு கால்களையும் தளர்த்தினாள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ரப்பர் துண்டு வைத்தாள். தேசப்பனின் செருப்பிலிருந்து வெட்டியது. வாசலில் சும்மாத்தான் கிடந்தது. இடதில் குதிகால் தேய்ந்திருந்ததால் அந்த இரண்டு துண்டுகளை மடித்து வைத்தாள். சுழலியும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு முழம் இரும்பை எடுத்துவிட்டு ரப்பர்க் குழாய் பொருத்திக் கவ்விகளை இறுக்கினாள்.

பத்து மணிக்குச் சுழலி ஓடியது. அவள் கையை அதன்மேல் வைத்திருந்ததால்தான் தெரிந்தது. மேலே யாரும் எழவில்லை.

நான்கு மணிக்குக் குளியலறையில் ஆவி எழுந்தது.

"மே" என்றான் தேசப்பன். "இன்னா பண்ணே?"

"ஒண்ணியும் பண்ல. கையக் குடு."

அவள் எப்போதும் முதலில் வலது தோளில் ஒரு குவளை ஊற்றுவாள். சூடு சரியா என்று அந்தத் தோள்தான் சொல்லும். அவன் தலையாட்டிய பிறகு இடது கையைக் குழாயடியில் வைப்பாள். அந்தக் கைக்கு எதுவும் தெரியாது.

பத்தாம் தேதி இரண்டு விரல். பன்னிரண்டாம் தேதி இரண்டும், மூன்றாவதன் நுனியும்.

அடுக்ககத்தில் பேச்சு குறைந்துவிட்டது. ஜனங்கள் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். குழாயைத் திறந்தால் வந்தது. சுடச்சுட வந்தது. மூடினார்கள். அறிவிக்காமல் வந்த தண்ணீரைப் பிடித்துவைக்க யாருக்கும் கை போகவில்லை. டிரம்களில் இருந்த தண்ணீரின் மேல் தூசி படர்ந்தது.

"மோட்டார் செத்துப்பூட்ச்சா?" என்று படிக்கட்டில் வழிமறித்துக் கேட்டாள் கோட்டீஸ்வரி. அவள் காதில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"ஓடுதுக்கா."

"சத்தமே காணோம்."

"சத்தமில்லாம ஓடுது."

"எனக்குத் தூக்கமே இல்ல பூங்காவனம். எப்ப வரும்னே தெரிய மாட்டேங்குது."

"எப்பவும் வருதுக்கா."

"அதான் சொல்றேன்" என்றாள் கோட்டீஸ்வரி.

பலகையில் சரிக்கணிப்பு இறங்கியது. தொண்ணூற்றெட்டு, முப்பத்தொன்று, பன்னிரண்டு, ஆறு. முன்னறி ஓட்டுவதைக் குறைத்தது. சூடு கலத்திலேயே நின்றது. தமயந்தி இரண்டு முறை கூப்பிட்டாள். கருவியில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள். இல்லை என்றாள் பூங்காவனம். அது உண்மை.

முன்னறிக்கு நிச்சயமாகத் தெரிந்த குழாய் ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஒன்பதாம் மாடி, கடைசி வீடு, நான்கு மணி. சுழலியால் பயனில்லை என்றும் அதற்குத் தெரிந்துவிட்டது. பதின்மூன்றாம் தேதி மத்தியானம் பூங்காவனத்தின் சமையலறைச் சுவரில் திருப்பு வால்வு ஒருமுறை சடக்கென்று மூடித் திறந்தது. ஓடுகிற தண்ணீர் மோதி, குழாய் லேசாகத் தட்டியது. கீழே ஏதோ ஒரு வீட்டில் குழாய் திறக்கும் ஓசை கேட்டது. ஒரே ஒரு வீடுதான். மதிப்பெண்ணுக்கு அது போதும்.

அவள் கைவேலையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். வால்வுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினான்காம் தேதி நான்கு மணி.

தேசப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதுகிலும் தோளிலும் சோப்பு நுரைத்திருந்தது. இடது கைமேல் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. கை சிவந்து, விரல்கள் ஒவ்வொன்றாக நெகிழ்ந்துகொண்டிருந்தன. இன்னும் பத்து நிமிடம் ஓடினால் மூன்றாவது விரல் முழுதாகப் போகும். நாளைக் காலை ஒன்பதுக்கு மருத்துவர் வருகிறார்.

"ஏம்மே" என்றான். "வாரியத்துல இதுக்கெல்லாம் மெடல் குடுப்பாங்களா?"

"எதுக்கு?"

"கெயவனக் குளிப்பாட்றதுக்கு."

"கம்முனு கையக் காட்டு."

"குத்தினா இங்க குத்திக்க." வலது தோளைக் காட்டினான். "எடப்பக்கம் குத்தினா எனக்குத் தெரியாது."

அவள் சிரித்தாள். சிரித்து நாளாகியிருந்தது.

சுவர் தட்டியது.

டங். டங். டங்.

காசிமேட்டில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் முதலில் காற்றைக் கக்கும். தட்டும். மோட்டார் முனகலாவது சில நாள் பொய் சொல்லும். அந்தத் தட்டல் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

தேசப்பன் தலையை நிமிர்த்தினான்.

"மே" என்றான். "தண்ணி வந்துட்ச்சு."

அவன் கைமேல் வெந்நீர் ஓடிக்கொண்டிருந்தது.

"போய்ப் புடி" என்றான்.

குவளை அதற்குள் அவள் கையில் இல்லை. சமையலறையில் நின்றாள். காசிமேட்டிலிருந்து வந்த இரண்டு குடங்கள் தொட்டியடியில் கவிழ்த்து வைத்திருந்தன. ஒன்றை நிமிர்த்திக் குழாயின் கீழ் வைத்தாள். வால்வு அவள் தலைக்கு மேலே மூடித் திறந்து மூடியது. டங். டங். கீழே எட்டு மாடிகளிலும் குடங்கள் நகர்ந்தன. பழைய தண்ணீர் கவிழ்ந்தது. யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கோட்டீஸ்வரியின் சிரிப்பு படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. நாலைந்து நாளாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

முதல் குடம் நிறைந்தது. இரண்டாவதை வைத்தாள். அது பாதியில் இருக்கும்போது தண்ணீர் ஆறியது. அவள் பிடித்தாள். வாளி. அப்புறம் அரிசி களையும் பாத்திரம். அப்புறம் டம்ளர்கள்.

இடுப்பில் காப்பாளர் பலகை அதிர்ந்தது. சரிக்கணிப்பு, நூறு. அதன் கீழே தமயந்தியின் செய்தி. சரியாகிவிட்டது போலிருக்கிறது, வாழ்த்துகள், இந்தப் பழக்கம் இன்று மாலையே மற்ற ஐந்து அடுக்ககங்களுக்கும் ஏற்றப்படுகிறது.

தட்டல் நின்றது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

தேசப்பன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். தோளில் சோப்பு காய்ந்து வெள்ளையாக இழுத்துப் பிடித்திருந்தது. உடம்பின் வலப்பக்கம் நடுங்கியது. இடது கைமேல் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஐஸாக இருந்தது. அந்தக் கை அசையாமல் அதன் கீழே கிடந்தது.

"நெறஞ்சுதா?" என்றான்.

"நெறஞ்சிட்ச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவன் தலையாட்டினான். பல் கிட்டிக்கொண்டது. ஆனாலும் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அவளுக்கும் இருந்தது.

குழாயை மூடினாள். நாற்காலிக்கு முன்னால் குந்தினாள். அவன் கையை எடுத்து மடியில் வைத்தாள். குளிரில் இறுகியிருந்தது. ஒரு விரலை நுழைத்தாள். போயிற்று. இரண்டாவதை மேலே வைத்து அழுத்தினாள்.

சுவர் தட்டியது.

"மே" என்றான்.

அவள் விரலை உருவிக்கொண்டு எழுந்தாள். சமையலறையில் எல்லாம் நிறைந்திருந்தது. முதல் குடத்தைத் தூக்கிச் சாக்கடையில் சாய்த்தாள்.